பிளக்இன்னில் கிட்டார் ஏன் கொசு மாதிரி ஒலிக்கிறது? மாடலர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மூன்று சிங்கிள் காயில் பிக்அப் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டார், கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ், விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், அதற்குள் ஆம்ப் போல ஒலி தரும் ஓர் இலவச ஆம்ப் பிளக்இன். டிஸ்டார்ஷன் ஏற்றினால் தகர டப்பாவுக்குள் கொசுவை அடைத்த மாதிரி ஒலிக்கிறது. பிக் கம்பியில் பட்ட பிறகு ஒலி வரச் சற்றுத் தாமதமாகிறது. கை ஓய்ந்திருக்கும்போதும் பின்னால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். "அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து ஒரு மாடலர் பெடல் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடலர் என்பது நிஜ ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி. எந்தப் பெடல் வாங்குவது என்பதை விட, இருப்பதை வைத்து ஏன் ஆல்பத்தில் கேட்கும் கிட்டார் வரவில்லை என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி. பெடல் வாங்கினால் இந்த மூன்றில் தாமதம் மட்டும் பெரும்பாலும் தீரும். கொசுச் சத்தமும் இரைச்சலும் பெடலுக்குள்ளும் அப்படியே வரும், ஏனென்றால் அவை மாடலரால் வருபவை அல்ல. மாடலருக்குள் என்ன அளவில் சிக்னல் போகிறது, அதிலிருந்து வெளியே வந்ததும் எதன் வழியாகப் போகிறது, இந்த இரண்டு இடங்களில்தான் கோளாறு இருக்கும். உங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்காமல், எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்; ஆனாலும் இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வரும்போது காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

கொசுச் சத்தத்தில் தொடங்குவோம். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் செய்யும் ஆம்ப், மேல் அலைவரிசைகளில் ஏராளமான கூர்மையான ஹார்மானிக்குகளை (சுரத்தின் மடங்கு அலைவரிசைகளை) உருவாக்குகிறது. அவற்றை வடிகட்டி நம் காதுக்குத் தருவது அந்த ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும்தான். பிளக்இன்னில் ஆம்ப் மட்டும் ஓடி, ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினட் பகுதி ஓடவில்லை என்றால் வடிகட்டாத அந்தக் கூர்மை முழுவதும் ஹெட்ஃபோனில் கொட்டும். நீங்கள் சொல்லும் கொசு அதுவே. கேபினட்டை இப்போது பெரும்பாலும் ஐஆர் என்ற ஒரு சின்ன வேவ் ஃபைலாகத் தருகிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர், ஒரு குறிப்பிட்ட மைக், மைக்கை வைத்த இடம், இவை சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் அச்சு அது. உங்கள் பிளக்இன்னில் கேபினட் பகுதி அணைந்திருக்கிறதா, ஐஆர் ஏற்றும் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாக இருந்தால் இக்னைட் ஆம்ப்ஸின் நாட்ஐஆர் போன்ற இலவச ஐஆர் லோடரை ஆம்புக்கு அடுத்த இடத்தில் போட்டு, செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரை ஷூர் எஸ்எம்57 மைக்கில் எடுத்த ஐஆர் ஒன்றை ஏற்றுங்கள். ராக், மெட்டல் ஆல்பங்களில் மிக அதிகம் புழங்கிய ஜோடிகளில் ஒன்று அது. காதுக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. நியூரல் ஆம்ப் மாடலர் பயன்படுத்துகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். அது இலவச, ஓபன் சோர்ஸ் பிளக்இன். சுமார் மூன்று நிமிட சோதனை ஒலியை நிஜ ஆம்ப் வழியாக அனுப்பி, வெளியே வந்ததைப் பதிவு செய்து, இரண்டையும் நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்துப் பயிற்றுவித்த கோப்புகளை அதில் ஏற்றுகிறோம். இந்தக் கோப்புகளுக்கு 'கேப்சர்' என்று பெயர், டோன்3000 தளத்தில் குவிந்து கிடக்கின்றன. சில கேப்சர்கள் ஆம்ப் மட்டும்; சில கேப்சர்களில் கேபினட்டும் மைக்கும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஆம்ப் மட்டும் உள்ளதை ஐஆர் இல்லாமல் ஓட்டினால் கொசு. கேபினட் சேர்ந்ததன் மேல் இன்னொரு ஐஆர் போட்டால் கம்பளிக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி மந்தமாகிவிடும். கேப்சரின் விவரத்தைப் படித்துவிட்டு ஏற்றுங்கள், இந்தத் தலைவலி வராது.

ஐஆர் தேர்வில் நேரம் செலவழிக்கலாம், ஆம்ப் தேர்வில் செலவழிப்பதை விட அதிகமாகவே. ஒரே ஆம்பில் மைக்கை ஸ்பீக்கரின் நடுமூடிக்கு நேராக வைத்த ஐஆருக்கும், இரண்டு அங்குலம் விளிம்புப் பக்கம் நகர்த்திய ஐஆருக்கும் உள்ள வித்தியாசம், ட்ரெபிள் திருகைப் பாதி வட்டம் சுற்றினாலும் வராது. நடுவில் வெளிச்சமும் குத்தலும். விளிம்பை நோக்கிப் போகப் போக இருட்டும் கனமும். ஆனால் இருநூறு ஐஆர்களை வரிசையாகக் கேட்காதீர்கள், பத்தாவதுக்குப் பிறகு காது மரத்துவிடும். நான்கைந்தை எடுத்து, ஒலி அளவைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சமமாக்காவிட்டால் சத்தமாக இருப்பதையே நல்லது என்று காது சொல்லும்.

அடுத்தது உள்ளே போகும் சிக்னல். ஸ்கார்லெட்டில் கிட்டார் செருகிய சேனலுக்கு 'இன்ஸ்ட்' பட்டன் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். காந்த பிக்அப் ஒரு மெகா ஓம் அளவு மின்தடை உள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. அதை லைன் உள்ளீட்டில் செருகினால் சில பத்து கிலோ ஓம்கள்தான் கிடைக்கும், அந்தப் பளுவில் பிக்அப்பின் மேல்முனைத் தெளிவு செத்துவிடும். பிறகு எந்த ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டாலும் அது திரும்ப வராது. 'ஏர்' பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள். அது குரலுக்கு அழகு சேர்ப்பதற்கு. ஆம்ப் மாடலுக்குள் போகிற கிட்டாருக்குத் தேவையில்லாத பளபளப்பு.

உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் கெய்ன் திருகு விஷயத்தில்தான் இணையம் முழுக்கக் குழப்பம். "மீட்டர் பச்சையின் உச்சிக்கு வரும்வரை ஏற்று" என்பது பாட்டுக்கும் மைக்குக்கும் சரி. ஆம்ப் மாடலுக்கு அது பொருந்தாது. நிஜ ஆம்பில் கிட்டாரை நேராகச் செருகுகிறோம், நடுவில் கெய்ன் கூட்டும் பெட்டி எதுவும் இல்லை. பிளக்இன் செய்தவர்கள் அந்த மாதிரியான, கூட்டாத கிட்டார் அளவை மனதில் வைத்துத்தான் அதன் கெய்ன் திருகை அமைத்திருக்கிறார்கள். இன்டர்ஃபேஸில் 10 டெசிபெல் ஏற்றி அனுப்பினால், ஆம்புக்கு முன்னால் யாரோ ஒரு பூஸ்டர் பெடலைப் போட்டு அணைக்கவே முடியாமல் விட்ட மாதிரி. கிளீன் ஆம்ப் கூட உடையும், டிஸ்டார்ஷன் ஆம்ப் கூழாகும். ஆகவே கெய்ன் திருகைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். மீட்டர் பாதிகூட ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 24 பிட் ரெக்கார்டிங்கில் அதற்குப் போதுமான இடம் இருக்கிறது.

இதைத் துல்லியமாகவும் செய்யலாம். இன்டர்ஃபேஸ் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டின் அதிகபட்ச அளவு என்று ஓர் எண் இருக்கும். ஸ்கார்லெட் வகைகளில் குறைந்தபட்ச கெய்னில் 12 டிபியூ (சிக்னல் அளவின் அலகு) பக்கம் வரும், வேறு சிலவற்றில் 16 கூட இருக்கும். பிளக்இன் செய்தவர் எந்த அளவுக்கு அமைத்தார் என்பதையும் சில நிறுவனங்கள் சொல்கின்றன, நியூரல் ஆம்ப் மாடலரின் சில கேப்சர்களில் அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்ஃபேஸ் 16, பிளக்இன் 12 என்றால் உங்கள் சிக்னல் 4 டெசிபெல் குறைவாகப் போகிறது. பிளக்இன்னின் உள்ளீட்டில் 4 ஏற்றினால் கணக்கு சரி. எண் கிடைக்காவிட்டால் காதால் செய்யுங்கள்: உடையும் விளிம்பில் நிற்கும் பழைய ஃபெண்டர் வகை ஆம்ப் மாடல் ஒன்றை எடுத்து, மெதுவாக வருடினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரப்பாகவும் வருகிறதா என்று பாருங்கள். மெல்ல வருடினாலே கரகரத்தால் உள்ளே அதிகம் போகிறது. இதோடு ஒன்று: இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர் பிக்அப்பை விட சிங்கிள் காயிலின் வெளியீடு பொதுவாகக் குறைவு. ஹம்பக்கர் வைத்துச் செய்த ப்ரீசெட் உங்கள் கிட்டாரில் மெலிந்து ஒலித்தால் குறை உங்களிடம் இல்லை, அந்தப் ப்ரீசெட்டின் கெய்னை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

ரீப்பரில் ட்ராக்கை மோனோ, உள்ளீடு 1 என்று வைத்து, பிளக்இன்னை ட்ராக்கின் சாதாரண எஃபெக்ட் வரிசையில் போடுங்கள். அப்போது நீங்கள் கேட்பது ஆம்ப் ஒலி, டிஸ்கில் பதிவாவது ஆம்ப் இல்லாத வெறும் கிட்டார். இந்த வெறும் கிட்டார்தான் உங்கள் சொத்து. ஆறு மாதம் கழித்து நல்ல ஆம்ப் மாடல் கிடைத்தால் மறுபடி வாசிக்காமலே அதை மாற்றிக்கொள்ளலாம். பிளக்இன்னை இன்புட் எஃபெக்ட் வரிசையில் போட்டுவிட்டால் ஆம்ப் ஒலியே பதிவாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஸ்கார்லெட்டின் 'டைரக்ட் மானிட்டர்' சுவிட்சையும் அணையுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் வெறும் கிட்டாரும் ஆம்ப் ஒலியும் சேர்ந்தே காதில் விழும். நீங்கள் சொன்ன 'தகர டப்பா'வில் ஒரு பங்கு அதுவாகக்கூட இருக்கலாம்.

தாமதம் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துக் கையாளும் துண்டின் அளவு) என்றால் ஒரு திசைக்கு 2.7 மில்லிசெகண்ட். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மேலே கன்வெர்ட்டரும் யூஎஸ்பி டிரைவரும் எடுத்துக்கொள்ளும் சில மில்லிசெகண்டுகள். ஆக மொத்தம் பத்துக்குள் அடங்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் கேட்பதும் இந்தத் தாமதத்தோடுதான். அதனால் பத்துக்குக் கீழே பெரும்பாலோர் கைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது என்றால் அநேகமாக விண்டோஸின் பொது டிரைவரில் ஓட்டுகிறீர்கள், அல்லது பஃபர் 512, 1024 என்று நிற்கிறது. ஃபோகஸ்ரைட் தளத்திலிருந்து, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரை நிறுவி, ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, 128 வையுங்கள். சொந்த டிரைவர் இருக்கும்போது ஆசியோ4ஆல் என்ற பொது டிரைவர் வேண்டாம். 128இல் படபடவென்று வெடித்தால் லேப்டாப்பின் மின்சேமிப்பு நிலையை அணையுங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள், மற்ற ட்ராக்குகளில் கனமான பிளக்இன்களை நிறுத்துங்கள். அப்படியும் வெடித்தால் 256. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் மட்டும் வாசிக்கவே முடியாது, அதன் தாமதம் பெரும்பாலும் நூறைத் தாண்டும். கம்பி உள்ள ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸில் செருகுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். சிங்கிள் காயில் பிக்அப் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தைப் பிடிக்கும் ஆண்டெனா. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150 என்று எல்லாம் பிக்அப்பில் விழுகிறது. டிஸ்டார்ஷன் அந்த மெல்லிய ஒலியைப் பல மடங்கு தூக்கிக் காட்டுகிறது. ஒரு சோதனை செய்யுங்கள். கம்பிகளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் பாதிக்கும் கீழே அடங்கும், இன்னொரு கோணத்தில் சீறும். அடங்கும் கோணத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். லேப்டாப், மானிட்டர், எல்இடி விளக்கின் டிம்மர், மொபைல் சார்ஜர் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது விலகுங்கள். பிக்அப் சுவிட்சை இரண்டாவது அல்லது நான்காவது இடத்தில் வைத்ததும் இரைச்சல் போய்விட்டால், நடு பிக்அப் தலைகீழாகச் சுற்றப்பட்டிருக்கிறது; அந்த இரண்டு இடங்களும் ஹம்பக்கர் மாதிரி இரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

'ம்ம்ம்' இல்லாமல் 'கிர்ர்' என்று மவுஸ் நகரும்போது மாறுகிற சத்தமாக இருந்தால் அது பிக்அப் பிடித்தது கிடையாது, லேப்டாப்பின் மின்வழி. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் பதிவு செய்யும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டுவதே எளிய தீர்வு. சத்தம் போகிறதே என்று எந்தக் கருவியின் எர்த் பின்னையும் வெட்டாதீர்கள், மறைக்காதீர்கள். உங்கள் விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகள் அந்த எர்த்தோடு இணைந்தவை. எல்லாம் செய்த பிறகு மிஞ்சுவதற்கு நாய்ஸ் கேட். ஆம்புக்கு முன்னால் வைத்து, வாசிக்காதபோது மூடும் அளவுக்கு மட்டும் அதன் எல்லையை ஏற்றுங்கள். கூட்டினால் நீண்ட சுரங்களின் வால் அறுந்துவிடும்.

இவை சரியானதும் ஒலி ஏற்கெனவே பாதி மாறியிருக்கும். இனி, ப்ரீசெட்டில் உள்ள ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்பும் கேபினட்டும் மட்டும் வைத்து வாசியுங்கள். கெய்னைக் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்று தோன்றும் இடம்தான் பாட்டுக்குள் சரியாக அமரும். ஆல்பங்களில் கேட்கும் அகலமான ரிதம் கிட்டார் ஒரு கெய்ன் திருகால் வருவதில்லை. ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது என்று வைப்பதால் வருகிறது. ஒரு டேக்கையே காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில் கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவுதான். அகலம் தருவது இரண்டு வாசிப்புகளுக்கும் உள்ள நுண்ணிய வித்தியாசம். இரண்டு டேக் சேரும்போது டிஸ்டார்ஷனும் அடர்த்தியாகும் என்பதால், ஒவ்வொன்றிலும் கெய்ன் இன்னும் குறைவாகவே போதும்.

உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி வாசிக்கும் பாம் மியூட்டில் அடிப்பக்கம் தொளதொளவென்று வந்தால் ஆம்பின் பேஸைக் குறைப்பதோடு, ஆம்புக்கு முன் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவைப் போட்டு டிரைவைச் சுழியத்திலும் லெவலை மேலேயும் டோனை நடுவிலும் வையுங்கள். அது டிஸ்டார்ஷனுக்கு முன்பே கீழ் அலைவரிசைகளை வெட்டி, நடுவைத் தூக்கி அனுப்புகிறது; கூழாவது நின்றுவிடும். கேபினட்டுக்குப் பிறகு ஓர் ஈக்யூவில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மேலே 7 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் வெட்டுங்கள். கீழே வெட்டினால் கிட்டார் மெலிந்த மாதிரி தோன்றும். பேஸ் கிட்டாரைச் சேர்த்துக் கேளுங்கள். ஆல்பத்தில் நாம் 'கிட்டாரின் கனம்' என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது.

ஒரு நுணுக்கம், இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. கெய்ன் அதிகமுள்ள மாடலில் முதல் கம்பியின் இருபதாவது ஃப்ரெட்டில் மெதுவாக ஒரு பெண்ட் கொடுங்கள். சுரம் மேலே போகும்போது, அடியில் ஒரு மெல்லிய விசில் கீழே இறங்குகிறதா என்று உற்றுக் கேளுங்கள். இறங்கினால் அது ஏலியாசிங்: சாம்பிள் ரேட்டின் பாதியைத் தாண்டிய ஹார்மானிக்குகள் மடங்கித் திரும்பி, சுரத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் விழுகின்றன. பிளக்இன்னில் ஓவர்சாம்பிளிங் அல்லது ஹெச்க்யூ என்ற தேர்வு இருந்தால் அதைக் குறைக்கும். பதிவு செய்யும்போது அணைத்து வைத்து, கடைசியில் ரெண்டர் செய்யும்போது மட்டும் ஏற்றினால் லேப்டாப்புக்குப் பளு இருக்காது.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியதையும் அபிப்பிராயமாக மட்டும் சொல்லக்கூடியதையும் பிரித்துவிடுகிறேன். கேபினட், இன்ஸ்ட் உள்ளீடு, கெய்ன் அளவு, டிரைவர், எர்த் பற்றி மேலே சொன்னவை உறுதி; எர்த் தவிர மற்றவை நீங்களே பத்து நிமிடத்தில் சோதிக்கக்கூடியவை. மைக் வைத்துப் பதிவான ஆம்புக்கும் நல்ல மாடலுக்கும், பாட்டுக்குள் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதையும் தயங்காமல் சொல்வேன். கைக்குக் கிடைக்கும் உணர்வு பற்றி வாசிப்பவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதில் ஒரு பகுதிக்கு மாடலே காரணம் இல்லை. அறையில் நிற்கும் ஆம்ப் காலையும் நெஞ்சையும் தொடுகிறது. ஹெட்ஃபோனில் நாம் கேட்பது மைக் கேட்டதை. இன்னொரு பகுதி மாடலின் நிஜ எல்லை: ஐஆர் ஸ்பீக்கரின் நேர்கோட்டு இயல்பை மட்டும் பிடிக்கும், ஓங்கி ஓட்டும்போது ஸ்பீக்கர் தானே தரும் கரகரப்பைப் பிடிக்காது. வழக்கமான கேப்சர், ஆம்பின் திருகுகள் அன்று நின்ற நிலையின் ஒரு படம் மட்டுமே. அதில் கெய்னைத் திருப்பினால் அந்த ஆம்பின் கெய்ன் திருகு மாதிரி நடந்துகொள்ளாது. 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வதால் உங்கள் தேவைக்குப் பலன் இருக்குமா என்று கேட்டால், இல்லை என்பது என் அபிப்பிராயம். 48 போதும், பெரும்பாலான கேப்சர்களும் அதில்தான் பயிற்றுவிக்கப்பட்டவை.

அப்படியானால் பெடலே வேண்டாமா? லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், நியூரல் டிஎஸ்பி குவாட் கார்ட்டெக்ஸ், கெம்பர் எல்லாம் நல்ல கருவிகள். மேடையேறப் போகிறீர்கள், கம்ப்யூட்டரைத் திறக்காமல் வாசிக்க வேண்டும், தாமதக் கவலை கூடாது என்றால் வாங்கலாம். வீட்டில் பதிவு மட்டும் என்றால் ஒலித் தரத்துக்காக வாங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியில் புதிய கம்பிகள், கிட்டாரின் ஸ்வரசுத்தம் சரிபார்த்த செட்டப், மூன்று மீட்டருக்கு மிகாத நல்ல கேபிள், காது மூடிய நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால் ரெக்கார்டிங்கில் தெரியும். பழைய கம்பியின் மந்தத்தை எந்த மாடலும் தேய்த்துத் துலக்காது.

கேள்வியின் கடைசி வரியில், நண்பரிடம் உள்ள வால்வு ஆம்பை இன்டர்ஃபேஸில் இணைக்கலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். அதன் ஸ்பீக்கர் அவுட்டை எக்காரணம் கொண்டும் இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். அதில் வருவது ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி, இன்டர்ஃபேஸின் உள்ளீடு கருகிவிடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். நடுவில் ஸ்பீக்கருக்குப் பதிலாக அந்தச் சக்தியைத் தாங்கும் லோட் பாக்ஸ் இருந்தால் மட்டுமே அந்த வழி, அப்போதும் கேபினட்டுக்கு ஐஆர் தேவை.

மேலே சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள்: கேபினட், இன்ஸ்ட் பட்டன், குறைந்த கெய்ன், டைரக்ட் மானிட்டர், டிரைவர். அதன் பிறகும் கொசு போகவில்லை என்றால் ஆம்ப் ஒலியை அனுப்ப வேண்டாம். பிளக்இன் எதுவும் இல்லாத வெறும் கிட்டாரை இருபது விநாடி, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து, கெய்ன் திருகு எங்கே நிற்கிறது, பிக்அப் சுவிட்ச் எந்த இடத்தில் என்ற குறிப்போடு இங்கே இணையுங்கள். அதை வேறொரு ஆம்ப், வேறொரு ஐஆர் வழியாக ஓட்டிப் பார்த்தால் பிழை கிட்டார் பக்கமா, பிளக்இன் பக்கமா என்பது தெரிந்துவிடும்.